‘பைலட் லைசன்ஸ்’ எண்டு ஒண்டு இல்லை

ரோட்டில் ஓடுற எல்லாருக்கும் ஒரே லைசன்ஸ் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். எல் போர்ட் தொங்கவிட்டுக்கொண்டு பழகுறவர் ஒரு வகை, மோட்டார் சைக்கிள் ஓடுறவர் இன்னொரு வகை. வான் ஓடுறவர் அதே கடதாசியோட பஸ்ஸின் ஸ்டியரிங்கில் கைவைக்க ஏலாது. இதெல்லாம் பத்து வயசுப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் வானம் என்று வந்தவுடன் நாங்கள் எல்லாரும் ‘பைலட்’ என்ற ஒரே சொல்லோட நிறுத்திவிடுகிறோம். ஒராள் பைலட் ஆகிட்டார் என்றால் அடுத்த நாளே எயர்பஸ்ஸில் ஏறி இருப்பார் என்றுதான் ஊரில் கதை.

எங்கட நாலு பேர் கூட்டத்தில் ஒருத்தனுக்கு உயர்தரம் முடிஞ்ச கையோட இந்த ஆசை வந்தது. பயிற்சி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினான். ‘பதினெட்டு மாதத்தில் விமானி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. விஷயம் கதை அளவில் நிற்கவும் இல்லை. அவன்ட அப்பா ரெண்டு பரப்புக் காணிக்கு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார். கனடா மாமா மிச்சக் காசைப் போடுறதாகச் சொல்லியிருந்தார். ‘மச்சான், முடிவில என்ன லைசன்ஸ் தருவினம்?’ என்று கேட்டோம். ‘பைலட் லைசன்ஸ்தான், வேற என்ன’ என்றான். விளம்பரத்திலும் அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

காணி போற கதை என்பதால், றிசல்ட் வரும்வரைக்கும் கிடைத்த நேரத்தில் நாலு பேரும் விதிகளை இறக்கி வாசித்தோம். எங்களுக்கு விளங்கினதைத்தான் இங்கே எழுதுறம். உங்கட வீட்டிலயும் யாரோ ஒரு தம்பி தங்கச்சி இதே விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எல்லா நாட்டு லைசன்ஸுக்கும் அடிப்படை ஒன்றுதான். 1944இல் சிக்காகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு, விமானிகளின் அனுமதிப்பத்திரங்களைப் பற்றியது. அதைக் கவனிக்கிறது ஐக்காவோ என்ற சர்வதேச அமைப்பு. இலங்கையில் லைசன்ஸ் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. ஐக்காவோ சொல்வது ஆகக் குறைந்த அளவு. ஒரு நாடு அதற்கு மேல் கேட்கலாம். நாங்கள் கீழே சொல்லும் எண்களை அப்படித்தான் வாசிக்கவேண்டும்.

வாசிக்க வாசிக்க ஒன்று பிடிபட்டது. இந்த லைசன்ஸ்களைக் கெட்டிக்காரத்தனத்தின் படிகளாகப் பார்த்தால் குழம்பும். ஒவ்வொன்றும் ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுது. ஆரை ஏற்றலாம்? ஆரின்ட காசுக்குப் பறக்கலாம்?

மாணவ விமானியிடம் இருந்து தொடங்குவோம். எஸ்.பி.எல். என்று சொல்வார்கள். முதல் கேள்விக்கு இவரின் பதில்: ஒருத்தரையும் ஏற்ற ஏலாது. பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார், இல்லையெண்டால் தனியப் பறக்கலாம். அம்மாவை ஏற்ற முடியாது, நண்பனை ஏற்ற முடியாது. தனியப் பறக்கிறதும் பயிற்றுநர் ‘சரி, இப்ப நீ போ’ என்று அனுமதி தந்த பிறகுதான். அமெரிக்காவில் இந்தக் கடதாசிக்கு 16 வயசு போதும். முதல் தனிப் பறப்புக்கு இத்தனை மணித்தியாலம் என்று அங்கே ஒரு எண்ணும் வைக்கவில்லை. உங்களைப் பார்த்துப் பழகின பயிற்றுநரின் தீர்மானத்திடம் விட்டிருக்கிறார்கள்.

அடுத்தது பி.பி.எல்., அதாவது தனியார் விமானி. 17 வயசு. 40 மணித்தியாலப் பறப்பு, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்துக்குள் படித்தால் 35. அதில் 10 மணித்தியாலம் தனிய. அந்தத் தனிப் பறப்புக்குள் ஒரு பயணம் குறைந்தது 270 கிலோமீற்றர் இருக்கவேண்டும், வழியில் ரெண்டு வேறு விமானநிலையங்களில் இறங்கி நிற்கவேண்டும். 40 மணித்தியாலம் என்றால் கணக்குக்கு ரெண்டு நாள் கூட இல்லை. ஆனால் ஒரு நாளில் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பழக முடியாது, மழை வரும், விமானம் பழுதாகும். ஆகவே மாதக் கணக்கில் இழுபடும். அனேகமானோருக்கு 40க்கு மேலேயே தேவைப்படும்.

பி.பி.எல். எடுத்தவர் ஆக்களை ஏற்றலாம். ஆனால் பறந்ததுக்குக் கூலி வாங்க ஏலாது. இதை நண்பனின் அப்பாவுக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ‘அப்ப இதால உழைக்கேலாதோ?’ என்று கேட்டார். உழைக்க ஏலாதுதான். அமெரிக்க விதி இதை நுணுக்கமாகவே எழுதிவைத்திருக்கிறது. நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனால் எரிபொருள், எண்ணெய், விமானநிலையக் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றைப் பங்கு போடலாம். ஆனால் விமானி தன்ட பங்குக்குக் குறையாமல் போடவேண்டும். நாலு பேர் என்றால் காலில் ஒன்று அவரின்ட பையில் இருந்து வரவேணும். மூன்று பேர் சேர்ந்து ‘நீ ஓடு, காசு நாங்கள் பாக்கிறம்’ என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது கூலிப் பறப்பாகிவிடும்.

மாணவருக்கும் தனியார் விமானிக்கும் நடுவில் சில நாடுகள் சின்னச் சின்னப் படிகளை வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் லைசன்ஸ் என்று சொல்வதில்லை, சேர்ட்டிபிக்கேற் என்றுதான் பெயர். அங்கே 2004இல் வந்த ஸ்போர்ட் பைலட் சேர்ட்டிபிக்கேற்றுக்கு 17 வயசும் 20 மணித்தியாலமும் போதும். மருத்துவச் சான்றிதழுக்குப் பதிலாகச் சாரதி அனுமதிப்பத்திரத்தையே காட்டலாம். 2025இல் அந்த விதிகளை விரித்தார்கள். பெரிய ரகச் சின்ன விமானங்களும் ஓட்டலாம் என்றார்கள். அப்பவும் கூட ஏற்றக்கூடியது ஒரே ஒரு ஆளைத்தான். அதற்கு மேலே றிக்ரியேஷனல் பைலட் என்று ஒன்று இருக்கிறது. 30 மணித்தியாலம். இவரும் ஒராளைத்தான் ஏற்றலாம். கூடுதல் பயிற்சி எடுக்காவிட்டால் கிளம்பின விமானநிலையத்தில் இருந்து 50 கடல்மைலுக்குள்தான் பறக்கலாம். அது சுமார் 93 கிலோமீற்றர். பலாலியில் வைத்து அளந்தால் வவுனியா எட்டாது.

கனடாவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அங்கே அது 25 மணித்தியாலம், 16 வயசு. எங்களில் ஒருத்திக்கு இந்த இடத்தில் கோபம் வந்துவிட்டது. ‘இது வார விடுமுறைக்குப் பறக்கிற ஆக்களுக்கு. எங்களுக்கு ஏன்?’ என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதைத் தெரிஞ்சு வைத்திருக்கவேணும். வெளிநாட்டில் யாரோ ‘ஆறு மாதத்தில பைலட் சேர்ட்டிபிக்கேற் எடுத்திட்டன்’ என்று படம் போட்டால் அது எந்தச் சேர்ட்டிபிக்கேற் என்று பார்க்கத் தெரியவேண்டும். ஸ்போர்ட், றிக்ரியேஷனல் ரெண்டும் ஐக்காவோ பி.பி.எல். தரத்துக்குக் கீழே. அதோட இங்கே வந்து இறங்கினால் கதவு தானாகத் திறக்காது.

இனி விளம்பரக்காரர் அனேகமாகச் சொல்லவாறது எதுவோ அது. சி.பி.எல்., வர்த்தக விமானி. 18 வயசு, 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150. அமெரிக்காவில் 250. இதில்தான் முதல் தடவையாக ரெண்டாம் கேள்விக்குப் பதில் மாறுது. மற்றவரின் காசுக்குப் பறக்கலாம், சம்பளம் வாங்கலாம். வழமையான வழியில் 200இல் 100 மணித்தியாலம் தானே கப்டனாக இருந்து பறந்திருக்கவேண்டும். குறைந்தது 540 கிலோமீற்றர் நீளமான ஒரு பயணமும் இருக்கவேண்டும். எங்கட தீவு வடக்குத் தெற்காக மொத்தமாகவே சுமார் 430 கிலோமீற்றர்தான். நேராகப் போனால் கடலில்தான் முடியும். வளைஞ்சு திரும்பித்தான் அந்தத் தூரத்தைச் சேர்க்கலாம்.

சி.பி.எல். வைத்திருக்கிறவர் ரெண்டு விமானிகள் தேவைப்படுற பெரிய விமானத்தில் துணை விமானியாக இருக்கலாம் என்று ஐக்காவோ விதி சொல்லுது. கப்டனாக இருக்க முடியாது. துணை விமானியாக ஏறுவதற்கும் சி.பி.எல். மட்டும் காணாது. லைசன்ஸ் வேறு, ரேட்டிங் வேறு. முகிலுக்குள்ளே, வெளியே ஒன்றும் தெரியாத நேரத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வேண்டும். ரெண்டு எஞ்சின் விமானத்துக்கு மல்டி எஞ்சின் ரேட்டிங் வேண்டும். பிறகு எயர்பஸ் ஏ320 என்றால் அதற்கு ஒரு டைப் ரேட்டிங், பலாலிக்கு வாற ஏ.ரி.ஆர். 72 என்றால் அதற்கு வேறு டைப் ரேட்டிங். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி, தனிச் சோதனை, தனிக் காசு. விளம்பரத்தில் உள்ள தொகைக்குள் இதில் எது அடங்கும் என்பதுதான் காணி விற்கிற வீட்டுக்காரர் முதலில் கேட்கவேண்டியது.

ஆக மேலே இருக்கிறது ஏ.ரி.பி.எல்., விமானக் கம்பனியில் கப்டனாக இருக்கத் தேவையான லைசன்ஸ். ஐக்காவோவுக்கு 21 வயசு, அமெரிக்காவுக்கு 23. ரெண்டு இடத்திலும் 1500 மணித்தியாலம். ஐக்காவோ கணக்கில் அதற்குள் 100 மணித்தியாலம் இரவில், 75 மணித்தியாலம் கருவிகளை வைத்து. இங்கே விளம்பரங்களில் இன்னொரு வித்தை பார்த்தோம். ‘ஏ.ரி.பி.எல். கோர்ஸ்’ என்று போட்டிருக்கும். 200 மணித்தியாலத்தோட வெளியே வாற பிள்ளைக்கு ஏ.ரி.பி.எல். எப்படிக் கிடைக்கும்? கிடைக்காது. அதன் எழுத்துப் பரீட்சைகளைப் பாஸ் பண்ணலாம். சி.பி.எல்.லும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் கையில் இருக்கும். 1500 மணித்தியாலம் சேரும்வரைக்கும் ஏ.ரி.பி.எல். வராது. இந்த நிலைமைக்கு விமானிகள் வைத்திருக்கிற பேர் ‘ஃபுரோசன் ஏ.ரி.பி.எல்.’, உறைஞ்சுபோயிருக்கிற ஏ.ரி.பி.எல். பேர் பகிடியாக இருந்தாலும், 200க்கும் 1500க்கும் நடுவில் உள்ள அந்த 1300 மணித்தியாலத்தில்தான் கனபேரின் வாழ்க்கை உறைஞ்சுபோய் நிற்குது.

இந்த 1500 என்ற எண்ணுக்கு அமெரிக்காவில் ஒரு துக்கமான வரலாறு இருக்கிறது. 2009 பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கில் இருந்து பஃபலோவுக்குப் போன கொல்கன் எயர் 3407 இலக்க விமானம் இறங்குவதற்குச் சற்று முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். விமானம் வேகம் குறைந்து நிலைகுலையப்போகுது என்று எச்சரிக்கை வந்தபோது கப்டன் செய்தது பிழையான எதிர்வினை என்று விசாரணை சொன்னது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடினார்கள். 2010இல் சட்டம் வந்தது, 2013இல் விதி வந்தது. அதற்கு முதல் 250 மணித்தியாலத்தோட சி.பி.எல். தரத்தில் துணை விமானியாக ஏறலாம். அதற்குப் பிறகு துணை விமானிக்கும் ஏ.ரி.பி. தரம் வேண்டும். விமானவியல் பட்டதாரிகளுக்கு 1000, இராணுவ விமானிகளுக்கு 750 என்று சலுகைகள் உண்டு.

ஆனால் அந்த விமானத்தை ஓட்டின ரெண்டு பேருக்கும் 1500க்கு மேலேயே மணித்தியாலம் இருந்தது. ஆகவே எண்ணைக் கூட்டினால் பாதுகாப்புக் கூடுமா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. ஐரோப்பாவில் குறைந்த மணித்தியாலத்தோட, ஆனால் இறுக்கமான பயிற்சியோட துணை விமானிகளை எடுக்கிறார்கள். எங்களுக்குள்ளும் ரெண்டு பேர் ஒரு பக்கம், ரெண்டு பேர் மறுபக்கம். எந்தப் பக்கம் சரி என்பதை விட எங்களை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. அமெரிக்காவில் 250இல் இருந்து 1500 வரைக்கும் போக ஒரு வழமையான பாதை இருக்கிறது. தானே பயிற்றுநராகி மற்றவர்களுக்குப் பழக்கி, சம்பளத்தோட மணித்தியாலம் சேர்ப்பார்கள். சின்ன விமானங்கள் குறைவாகப் பறக்கிற எங்கட நாட்டில் அந்தப் பாதை ஒடுக்கம். இதைத் தெரியாமல் 200இல் வந்து நின்றால், அடுத்தது என்ன என்ற கேள்வி வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொரு குறுக்குப்பாதையும் உண்டு. 2006இல் ஐக்காவோ கொண்டுவந்த எம்.பி.எல். சிமுலேட்டரும் பறப்புமாகச் சேர்த்து 240 மணித்தியாலம். தொடக்கத்தில் இருந்தே ரெண்டு விமானிகள் சேர்ந்து வேலை செய்கிற முறையில் பழக்குவார்கள். முடிவில் பெரிய விமானத்தின் துணை விமானி ஆகலாம். பொதுவாக ஒரு விமானக் கம்பனியோட சேர்ந்துதான் இந்தப் பயிற்சி நடக்கும். அந்தக் கம்பனி கைவிட்டால் தனியச் சின்ன விமானத்தில் கூலிக்குப் பறக்க இந்த லைசன்ஸ் அப்படியே உதவாது. அமெரிக்கா இதை வழங்குவதே இல்லை.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் மணித்தியாலக் கணக்கு. ஆனால் ஒரு மணித்தியாலம் பறக்கும் முதலே ஒராளைத் தடுத்து நிறுத்தக்கூடியது மருத்துவச் சோதனை. பி.பி.எல்.லுக்கு ரெண்டாம் வகுப்பு, சி.பி.எல்.லுக்கும் ஏ.ரி.பி.எல்.லுக்கும் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். எங்கட கூட்டத்தில் ஒருத்தி ஆறாம் வகுப்பில் இருந்து கண்ணாடி போடுறவள். ‘கண்ணாடி போட்ட பிள்ளையை எடுக்கமாட்டினம்’ என்று அவளின் பெரியம்மா சொல்லி, அந்த ஆசையை அவள் எப்பவோ மடிச்சு வைத்துவிட்டாள். விதி அப்படிச் சொல்லவில்லை. முதலாம் வகுப்புக்கே ஒவ்வொரு கண்ணிலும் 6/9, ரெண்டு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும். கண்ணாடி போட்டு அந்த அளவு வந்தாலும் போதும். ஆனால் நிறப்பார்வை வேறு விஷயம். புள்ளிகளுக்குள் எண் தெரியுதா என்று பார்க்கிற இஷிஹாரா சோதனையில் தவறினால் மேலதிக சோதனைகள் வரும், அதிலும் தவறினால் பாதை மறிபடலாம். தனக்கு நிறப்பார்வைக் குறை இருப்பது சிலருக்கு இருபது வயசு வரைக்கும் தெரியாது. காணியை வித்துக் காசு கட்டின பிறகு தெரிய வாறதை விட, ஒரு மருத்துவச் சோதனைக்கான காசோட தெரிய வாறது எவ்வளவோ மேல்.

இந்தச் சான்றிதழ் ஒருக்கா எடுத்தால் முடிஞ்சது என்றும் இல்லை. முதலாம் வகுப்பைப் பொதுவாக வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டும். வயசு போகப் போகச் சில வேலைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருக்கா. பயணிகளை ஏற்றிச் சர்வதேசப் பறப்புச் செய்கிற பெரிய விமானத்தில் 65 வயசோட இருக்கையை விடவேண்டும்.

தமிழில் படித்தவர்களுக்கு இன்னொரு பயம் ஆங்கிலம். 2008 மார்ச்சில் இருந்து சர்வதேசப் பறப்பு விமானிகளுக்கு ஐக்காவோவின் ஆறு நிலைகளில் குறைந்தது நாலாம் நிலை ஆங்கிலம் வேண்டும். நாலாம் நிலைக்குத் தாய்மொழியின் சாயல் குற்றமில்லை. கேட்கிறவருக்கு விளங்கவேண்டும், எப்போதாவதுதான் இடைஞ்சல் வரலாம், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு ஒருக்கா மீண்டும் சோதிப்பார்கள். கொழும்பில் பேசுற மாதிரிப் பேசவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவா என்றும் ஐக்காவோ விதி கேட்கவில்லை. வான்சட்டம், வானிலை, வழிகாட்டல், விமானத்தின் இயக்கம் என்று பாடங்களை வைத்து அறிவைத்தான் சோதிக்குது. நாடோ பயிற்சிப் பள்ளியோ தங்கட நிபந்தனையைப் போடலாம், அதைத் தனியக் கேட்கவேணும்.

இவ்வளவும் வாசித்து முடிச்சு, நாங்கள் ஒரு கொப்பித் தாளில் கேள்விகளை எழுதினோம். முடிவில் கையில் வாற லைசன்ஸ் எது, எந்த நாட்டு அதிகாரசபை தருவது? வெளிநாட்டு லைசன்ஸ் என்றால் இங்கே மாற்ற என்ன பரீட்சை எழுதவேண்டும்? எந்த ரேட்டிங் காசுக்குள் அடங்கும்? மணித்தியாலத்தில் எவ்வளவு விமானத்தில், எவ்வளவு சிமுலேட்டரில்? மழையாலோ பழுதாலோ இழுபட்டால் மேலதிகக் காசு ஆரின்ட தலையில்? இடையில் நிறுத்தினால் மிச்சக் காசு திரும்புமா? போன முறை முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் விமானியாக வேலை செய்யினம்?

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தோம். எடுத்த அக்கா நல்ல மரியாதையாகப் பேசினா. லைசன்ஸ் சி.பி.எல். என்று சொன்னா. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குத் தனிக் காசு, டைப் ரேட்டிங் அவர்கள் செய்வதில்லை. மேலதிக மணித்தியாலத்துக்கு மாணவர்தான் கட்டவேண்டும். கடைசிக் கேள்விக்கு, ‘எங்கட பிள்ளைகள் எல்லாரும் நல்லா இருக்கினம் தம்பி’ என்றா. நாங்கள் திரும்பவும் எண்ணிக்கையைக் கேட்டோம். நேரில் வாங்கோ, கதைப்பம் என்றா.

இதற்காக ஆசையை விடு என்று நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஒழுங்கை மாற்றலாம் என்றுதான் சொல்லுறம். முதலில் முதலாம் வகுப்பு மருத்துவச் சோதனை. பிறகு பி.பி.எல். மட்டும். அந்த 40 மணித்தியாலம் வீண்போகாது, சி.பி.எல்.லின் 200க்குள் சேரும். விமானத்தில் தனிய இருந்து பார்த்த பிறகு இது எனக்கு வேணுமா என்று கேட்டால் வாற பதில், விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் வாற பதில் இல்லை. எங்களில் ஒருத்தன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஒவ்வொண்டாச் செய்தா வயசு போயிடும், தொடர் பயிற்சியில 150 மணித்தியாலம்தானே’ என்கிறான். அவன் சொல்லுறதிலும் கணக்கு இருக்கு. ஆனால் மருத்துவச் சோதனை முதலில் என்பதில் நாலு பேருக்கும் வேறு கருத்து இல்லை. அடுத்த கிழமை அதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறுறது ரெண்டு பேர். கண்ணாடிக்காரியும் பேர் குடுத்திருக்கிறாள்.